லேப்ல வேலை பாக்கறவங்களுக்கு கூரை மேல வேலை பாக்கறவனோட நன்றி

வணக்கம். நான் வீட்டுக் கூரைல சோலார் பேனல் மாட்டற வேலை பாக்கறேன். பேனல் நல்லா ஓடுச்சுன்னா கஸ்டமர் எனக்குத்தான் தேங்க்ஸ் சொல்றாங்க, ஆனா அதுல பெரும்பங்கு யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ற உங்களுக்கு வந்து சேரவேண்டியது, நேர்ல சொல்ல வழியில்ல, அதான் பொதுவுல சொல்லிடறேன்.

மொதல்ல பெர்க் செல், அதாவது பின்பக்கத்த மாத்தி அமைச்ச ஒரு வகை சிலிக்கான் சோலார் செல். பழைய மாடல் சிலிக்கான் செல்லுக்கு பின்பக்கம் பூரா அலுமினியம் பூசியிருக்கும், வெளிச்சம் பட்டு கெளம்பற எலக்ட்ரான்ல ஒரு பங்கு அந்த உலோகத்துகிட்ட போய் வீணாயிடும். நடுவுல மெல்லிசா ஒரு படலம் வச்சு, பொடிப்பொடியா ஓட்டை போட்டு, அந்த எடத்துல மட்டும் உலோகம் தொடற மாதிரி பண்ணா நஷ்டம் கொறையுது, தாண்டிப் போற வெளிச்சமும் திரும்பி உள்ள வருது. நியூ சவுத் வேல்ஸ் யுனிவர்சிட்டில மார்ட்டின் கிரீன் டீம் இத 1980கள்லயே செஞ்சு காட்டிட்டாங்க, ஆனா ஃபேக்டரில பெருசா எறங்குனது 2010க்கு அப்புறம்தான். அத்தன வருஷம் கைவிடாம மெருகேத்திட்டே இருந்தீங்க பாருங்க, அதுக்கே எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும்.

லித்தியம் பேட்டரியும் அப்படித்தான், 1980ல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் குட்எனஃப்ங்கற விஞ்ஞானியோட குழு கோபால்ட் ஆக்சைடு கேத்தோடை, அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனையை, கண்டுபிடிச்சாங்க, கடைக்கு வந்தது 1991ல, அவருக்கு நோபல் கெடச்சப்போ வயசு 97.

பேர் வெளிய தெரியாத பிஎச்டி பசங்களுக்கு தனியா சொல்லணும். பேனலை 85 டிகிரி சூடு, 85 சதவீதம் ஈரப்பதம் இருக்கற பெட்டிக்குள்ள 1000 மணி நேரம் போட்டு வைக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, டேம்ப் ஹீட்னு சொல்வாங்க. சில செல் அதுல பாதி கூட தாங்காம போயிடும், மறுபடி மொதல்லேர்ந்து செய்யணும். பெரோவ்ஸ்கைட்னு சிலிக்கானுக்கு பதிலா வேற பொருள்ல செய்யற செல்லு, 2009ல ஜப்பான்ல மியாசாகா டீம் போட்டப்போ வெளிச்சத்துல 3.8 சதவீதத்தத்தான் கரண்டா மாத்துச்சு, இன்னிக்கு லேப்ல 26ஐ தாண்டிடுச்சு, ஆனா ஈரம் பட்டா கெட்டுப்போகுதுங்கற பிரச்சனையோட இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க. வந்த ரிசல்ட்டு நல்லா இல்லேன்னாலும் மறைக்காம அப்படியே பேப்பர்ல போடறீங்களே, மழைலயும் வெயில்லயும் பேனலை நம்பி மாட்டற எங்களுக்கு அது ரொம்பப் பெரிய உதவி.

காத்துல கார்பன்டைஆக்சைடை அளந்துகிட்டே இருக்கறவங்களுக்கும் நன்றி. 1958ல ஹவாய்ல இருக்கற மவுனா லோவா மலைல கீலிங்ங்கற விஞ்ஞானி ஆரம்பிச்சப்போ 315 பிபிஎம் (பத்து லட்சத்துல 315 பங்கு) கிட்ட, இப்ப 420க்கு மேல. அந்தக் கணக்கு கைல இல்லேன்னா இந்த வேலை எவ்ளோ அவசரம்னு எங்களுக்கு எப்படி தெரிஞ்சிருக்கும்?

கடைசியா, பழைய பேனல் ரீசைக்கிளிங்ல எறங்கியிருக்கறவங்களுக்கு முன்கூட்டியே ஒரு நன்றி. கண்ணாடியையும் செல்லையும் ஒட்டியிருக்கற அந்த ஈவிஏ பசையை பிரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்னு தெரியும், ஆனா கழட்டுன பேனலுங்க சேர்ந்துகிட்டே போகுது, சுலபமா பிரிக்க ஒரு வழி கெடச்சா சீக்கிரம் எங்க வரைக்கும் கொண்டுவாங்க.