பிளஸ் ஒன் நுண்கணிதத்தைத் தாண்டிப்போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2017-18இல் பிளஸ் ஒன் வகுப்புக்குக் கொண்டுவரப்பட்ட பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததை வரவேற்கிறேன். ஆனால் கணிதத்தில் ஒரு பயமும் இருக்கிறது. எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் என நுண்கணிதத்தின் (கால்குலஸ்) அடித்தளம் முழுவதும் பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில், 9, 10, 11ஆம் அத்தியாயங்களில் இருக்கிறது. முன்பு பல பள்ளிகள் செய்ததைப் போல ஆண்டு முடியும் முன்பே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவினால், முதலில் விடுபடுவது இந்த மூன்றும்தான். அப்படி விடுபட்டதன் விளைவு பொறியியல் கல்லூரியில் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் பருவக் கணிதத் தாளில் ஐந்து அலகுகள் இருந்தன. அவற்றில் நான்கு நுண்கணிதம். வகையிடல் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே பாடம் தொடங்கும்.

முதன்முறை நுண்கணிதம் படிக்கும் மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தினால் ஒன்று தெளிவாகத் தெரியும். மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் நுண்கணிதம் இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதம். எக்ஸ், ஹெச் இரண்டின் கூடுதலை வர்க்கப்படுத்தும்போது நடு உறுப்பான இரண்டு எக்ஸ் ஹெச் காணாமல் போகிறது. கூடுதலின் வர்க்கமூலத்தைத் தனித்தனி வர்க்கமூலங்களாகப் பிரித்து எழுதுகிறார்கள். கூட்டலில் உள்ள எக்ஸை, பெருக்கலில் இருப்பதுபோல மேலும் கீழும் அடித்துவிடுகிறார்கள். இரட்டைக் கோணத்தின் சைனை, சைனின் இரு மடங்கு என்று எழுதிவிடுகிறார்கள். ஆகவே ஒன்பதாம் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம், பின்னங்களைச் சுருக்குதல், காரணிப்படுத்துதல், பின்ன அடுக்குகள், முக்கோணவியல் முற்றொருமைகள் ஆகியவற்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். இதைவிட அதிகப் பலன் தரும் ஒரு வாரம் பிளஸ் ஒன்னில் வேறு கிடையாது.

எல்லை என்ற கருத்தைச் சூத்திரமாகப் படித்தால் மனத்தில் நிற்காது. எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4ஐக் கழித்து, அதை எக்ஸ் கழித்தல் 2ஆல் வகுக்கும் சார்பில் 2ஐ நேராகப் போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வரும். பலர் விடை பூச்சியம் என்றோ, எல்லை இல்லை என்றோ எழுதிவிடுகிறார்கள். 1.9 போட்டால் 3.9, 1.99 போட்டால் 3.99, அந்தப் பக்கம் 2.01 போட்டால் 4.01. இந்த மூன்று எண்களையும் தன் கையால் எழுதிய மாணவருக்கு விடை 4 என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரணிப்படுத்திச் சுருக்குவது ஏன் செல்லும் என்பதும் அங்கேயே புரிந்துவிடும்: எக்ஸ் 2ஐ நெருங்குகிறதே தவிர 2 ஆகவில்லை.

கைப்பேசிக் கால்குலேட்டரில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து, எக்ஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் 1 வரும் என்பது கோணத்தை ரேடியன் என்ற அலகில் அளந்தால்தான். டிகிரியில் வைத்து 0.01 போட்டால் 0.01745 என்று வரும். சைன், கொசைன் போன்ற முக்கோணவியல் சார்புகளின் வகையிடல் சூத்திரங்கள் அத்தனையும் ரேடியனையே நம்பி நிற்பவை.

அடுத்து, எந்த விதி எங்கே என்ற குழப்பம். ‘எக்ஸ் வர்க்கத்தின் சைன்’, ‘சைன் எக்ஸின் வர்க்கம்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வகைக்கெழுக்கள், அதாவது வகையிட்டால் வரும் விடைகள், வேறு. எக்ஸுக்கு ஓர் எண்ணைப் போட்டு மதிப்பைக் கணக்கிடுவதாக வைத்துக்கொண்டு, கடைசியாக என்ன செய்வோம் என்று கேட்டுக்கொண்டால் போதும். முதலாவதில் கடைசி வேலை சைன் எடுப்பது. ஆகவே வெளியே கொசைன் வரும், உள்ளிருக்கும் வர்க்கத்தின் வகைக்கெழுவான 2 எக்ஸ் பெருக்கலாகச் சேரும். இரண்டாவதில் கடைசி வேலை வர்க்கப்படுத்துவது. ஆகவே 2 சைன் எக்ஸ், பெருக்கல் கொசைன் எக்ஸ். கடைசி வேலை பெருக்கல் என்றால் பெருக்கல் விதி, வகுத்தல் என்றால் வகுத்தல் விதி. பென்சிலைக் காகிதத்தில் வைக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், சார்புக்குள் சார்பு இருக்கும்போது பயன்படும் சங்கிலி விதி பயமுறுத்தாது.

போட்ட விடையைச் சோதிக்கவும் வழி உண்டு. எக்ஸ் வர்க்கத்தின் சைனை, எக்ஸ் 1 ஆகவும் 1.001 ஆகவும் இருக்கும்போது கணக்கிட்டு, வித்தியாசத்தை 0.001ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.08 வரும். உள்சார்பை வகையிட மறந்தவரின் விடையில் 1ஐப் போட்டால் 0.54தான் வரும். தவறு உடனே கையும் களவுமாகப் பிடிபடும்.

வழிகாட்டி நூல்களில் உள்ள தீர்வுகளை வாசித்துவிட்டு ‘புரிந்துவிட்டது’ என்று பக்கம் புரட்டுவது எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு. வாசிக்கும்போது புரிவது வேறு, வெற்றுத்தாளில் போட முடிவது வேறு. எடுத்துக்காட்டை ஒருமுறை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, முதல் வரியிலிருந்து தானே போட வேண்டும். தடுக்கிய இடத்தில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதே கணக்கு. தவறு செய்த வரியையும் அதற்கான காரணத்தையும் தனி நோட்டில் குறித்துவந்தால், திரும்பத் திரும்ப வருவது மூன்று நான்கு வகைத் தவறுகள்தான் என்பதை ஒரு மாதத்தில் மாணவரே கண்டுகொள்வார்.

பயிற்சியில் இன்னொரு பொறி உண்டு. கணக்கின் ஒரு பகுதியைப் புதிய மாறியாக வைத்துத் தொகையிடும் பிரதியிடல் முறைக்கான பயிற்சியில் எல்லாக் கணக்கும் பிரதியிடல்தான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. தொகையிடலில் மூன்று கணக்குகளைப் பாருங்கள். மூன்றிலும் கீழே எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1. மேலே 1 இருந்தால் விடை டான் இன்வர்ஸ் எக்ஸ், நேரடிச் சூத்திரம். மேலே எக்ஸ் இருந்தால் பிரதியிடல். விடை கீழே உள்ளதன் மடக்கையில் பாதி. மேலே எக்ஸ் வர்க்கம் இருந்தால் 1ஐக் கூட்டிக் கழித்துப் பிரிக்க வேண்டும். விடை எக்ஸ் கழித்தல் டான் இன்வர்ஸ் எக்ஸ். மூன்றுக்கும் மாறிலி ‘சி’ சேர்க்க வேண்டும். இவற்றைத் தனித்தனிப் பயிற்சிகளில் மட்டும் போட்டவர், வினாத்தாளில் ஒன்று வந்தால் திகைத்து நிற்பார். வெவ்வேறு பயிற்சிகளிலிருந்து இருபது கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, முழுவதும் போடாமல் எந்த முறை, ஏன் என்று மட்டும் சொல்லிப் பழகலாம். இருபதுக்கும் சேர்த்து இருபது நிமிடம் போதும். தொகையிடலில் விடைக்குறிப்பைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வந்த விடையை வகையிட்டால் வினா திரும்பி வர வேண்டும்.

புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை விடையோடு உருப்போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பிளஸ் டூ தாளில் உள்ள 20 ஒரு மதிப்பெண் வினாக்களில் சிலவற்றுக்கு உதவலாம். ஐந்து மதிப்பெண் கணக்கிலும் கல்லூரியிலும் உதவாது.

பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு இனிப் பள்ளி அளவில் நடக்கும் நிலையில், அந்த மூன்று அத்தியாயங்களிலிருந்தும் கட்டாயம் கணக்குகள் இடம்பெற வேண்டும். அவற்றில் சிலவாவது புத்தகக் கணக்கின் எண்களையும் சார்பையும் மாற்றியவையாக இருக்கட்டும். திருத்திய தாளை மதிப்பெண்ணோடு மட்டும் நிறுத்தாமல், தவறிய வரியில் வட்டமிட்டு மாணவர் கையில் கொடுக்கவும், அந்தக் கணக்குகளை வகுப்பிலேயே மறுபடி போடவைக்கவும் இரண்டு பாடவேளைகள் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
முதுகலைக் கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.