டிரான்ஸ்பார்மருக்கு முதலில் மீட்டர் வையுங்கள்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
தென்னை விவசாயிகள் மற்றும் வீட்டு மின் நுகர்வோர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு எரிசக்தித் துறைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கிராமப்புற மின்பாதைகளிலும் டிரான்ஸ்பார்மர்களிலும் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கருவிகளை முன்னுரிமை கொடுத்துப் பொருத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன ஆடிக் காற்றில் ஒருநாள் இரவு 11 மணிக்கு எங்கள் ஊரில் கரண்ட் போனது. லைன்மேன் ஒருவர், கூட ஓர் உதவியாளர். இரண்டு பேரும் டார்ச் வெளிச்சத்தில் வாய்க்கால் கரையும் தோப்புமாகக் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். விடிகாலை 5 மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள்: ஒரு தென்னை மட்டை, உயரழுத்தக் கம்பிகள் இரண்டின் மேல் குறுக்கே கிடந்தது. அதை எடுத்துப் போடப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தேடத்தான் ஆறு மணி நேரம். அந்த ஊழியர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. பாம்பு கிடக்கும் வரப்பில் இருட்டில் நடந்தவர்கள் அவர்கள். இந்த மனு அவர்களுக்காகவும்தான்.

உயரழுத்தப் பாதையில் பழுது வந்தால் சப் ஸ்டேஷனில் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் பிரேக்கர் விழும். எந்த பீடர், அதாவது அங்கிருந்து கிளம்பும் எந்த மின்பாதை நின்றது என்று அங்கே தெரியும். ஆனால் அந்த பீடர் பல கிலோமீட்டர் கிளை பிரிந்து போகிறது. எந்த இடத்தில் பழுது என்பதைக் காலால் நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மரில் மட்டும் பியூஸ் போனாலோ சப் ஸ்டேஷனுக்கு அதுவும் தெரியாது. நாங்கள் போன் போட்டால்தான் உண்டு. எல்லோரும் தூங்குகிற நேரமென்றால் யார் சொல்வது?

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழுது காட்டும் கருவி என்று ஒன்று உண்டு. அதைக் கம்பியிலேயே மாட்டிவிடலாம். பழுது மின்னோட்டம் தன்னைத் தாண்டிப் போனால் அது விளக்கை மினுக்கும், செய்தியும் அனுப்பும். மூன்றாவது கருவி மினுக்கி, நான்காவது சும்மா இருந்தால் பழுது இரண்டுக்கும் நடுவில் என்று அர்த்தம். அந்த இரவு கிளை பிரியும் இடங்களில் இந்தக் கருவி மாட்டியிருந்தால், லைன்மேன் நேராக அந்தத் தோப்புக்கே வந்திருப்பார்.

அடுத்தது டிரான்ஸ்பார்மர். எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தோப்புகளுக்கும் 63 கேவிஏ திறன் கொண்ட டிரான்ஸ்பார்மர் ஒன்று. அது வைத்த காலத்தில் இருந்த மோட்டார்கள் எத்தனை, இப்போது எத்தனை என்று எங்களுக்கே கணக்குத் தெரியாது. ஏசி வேறு வந்துவிட்டது. உண்மையை மறைக்காமல் சொல்கிறோம்: மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் எங்களில் சிலர் கெப்பாசிட்டர் போட்டு இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டுகிறோம். பயிர் வாடும்போது வேறு வழி தெரிவதில்லை. ஆனால் அதனால் ஒரு பேஸில் (முனையில்) சுமை ஏறி வோல்டேஜ் இறங்குகிறது. மோட்டார் காயில் எரிகிறது, ஒருநாள் டிரான்ஸ்பார்மரே எரிகிறது. தகவல் அனுப்பும் மீட்டர் ஒன்று அதன்மேல் இருந்தால் எந்த பேஸில் எவ்வளவு ஆம்பியர், எத்தனை மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு இறங்கியது என்று நாள்தோறும் தெரிந்துவிடும். சில இணைப்புகளை ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். அதிலும் தீராத இடத்தில் 100 கேவிஏ வைக்கலாம். எரிந்த பிறகு மாற்றுவதைவிட இது செலவு குறைந்த வழி.

இப்படித் தகவல் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் என்றாலே வீட்டுச் சுவரில் மாட்டுவது என்றுதான் பேச்சு ஓடுகிறது. சென்னை தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் அப்படி மாட்டியாகிவிட்டது. வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் பீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைப்பதும் சேர்ந்தேதான் இருக்கிறது. அதற்கு முன் இருந்த ஒரு திட்டத்தில், மின்பாதைகளைத் தொலைவிலிருந்து கணினியில் பார்த்து இயக்கும் தொலைக்கட்டுப்பாட்டு வசதி கிடைத்தது 4 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். எங்கள் ஊரெல்லாம் அந்தக் கணக்கில் வரவே வழியில்லை. ஆகவே இந்த முறை வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கிறோம்: நீண்ட கிராமப்புற பீடர்கள் முதலில், அவற்றின் டிரான்ஸ்பார்மர்கள் அடுத்து, வீட்டு மீட்டர் அதன் பிறகு.

இந்த வரிசையில் இன்னொரு நன்மையும் உண்டு. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு இலவச மின்சாரம் போகிறது. பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லாததால் எவ்வளவு போகிறது என்பது உத்தேசக் கணக்குதான். வழியில் இழப்பாகிறதா, வயலுக்குப் போகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழியோ விவசாயி தலையில் விழுகிறது. டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வந்தால், ஒவ்வொரு பம்ப்செட்டையும் தொடாமலே பெருமளவு உண்மை வெளிப்படும்.

ஆனால் ஊருக்குள் பயம் இருக்கிறது, அதையும் எழுதியாக வேண்டும். மீட்டர் வந்தால் இலவச மின்சாரம் போய்விடும், வீட்டுக்கு 100 யூனிட் போய்விடும், கட்டிய முன்பணம் தீர்ந்தால் நடுராத்திரி கரண்ட் நின்றுவிடும் என்கிறார்கள். இதற்கு வாய்மொழியாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். டிரான்ஸ்பார்மர் மீட்டரின் கணக்கை வைத்து இலவச மின்சாரத்தைக் குறைக்க மாட்டோம், நுகர்வோர் சம்மதம் இல்லாமல் முன்பண முறைக்கு மாற்ற மாட்டோம் என்று அரசு எழுத்தில் ஆணை தர வேண்டும். அந்த ஆணையைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.

கருவிகள் தரும் தகவல் எங்களுக்கும் வர வேண்டும். கரண்ட் போனால் எப்போது வரும் என்று செல்போனில் ஒரு குறுஞ்செய்தி போதும். மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020, தொலைவிலிருந்து கண்காணிக்கக்கூடிய சேவைக் குறைபாடுகளுக்கு இழப்பீடு தானாகவே வழங்கப்பட வேண்டும் என்கின்றன. கருவியே இல்லாத ஊரில் அந்த விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது. அப்புறம், எங்கள் தோப்புகளுக்குள் செல்போன் சிக்னல் பல இடங்களில் ஒரு கோடுதான். சிம் கார்டை மட்டும் நம்பாமல், மீட்டருக்கு மீட்டர் ரேடியோ அலையில் தகவல் கடத்தும் முறையையும் சேர்த்து ஆய்வு செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

2018 நவம்பர் 16 எங்களுக்கு மறக்காது. கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து வயல் சேற்றில் கம்பம் நட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரியாமல் எங்கள் பையன்கள் முன்னால் நடந்து வழி காட்டினார்கள். ஒவ்வொரு கம்பமும் டிரான்ஸ்பார்மரும் கணினி வரைபடத்தில் இருந்தால் அடுத்த புயலில் அந்த நாட்கள் மிச்சமாகும். புதுக் கம்பியில் மின்சாரம் விடுமுன் எந்தக் கிளை பாதுகாப்பாக இருக்கிறது என்றும் தெரியும். அறுந்து கிடந்த கம்பியை மிதித்து மாடும் மனிதரும் சாவதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆகவே ஐயா, எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு பீடரையாவது முன்னோடியாக எடுத்து, பழுது காட்டும் கருவிகளும் டிரான்ஸ்பார்மர் மீட்டர்களும் பொருத்தி, ஓராண்டுக் கணக்கை வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கம்பிக்கு அருகில் சாயும் மட்டைகளை மின்சாரம் நிறுத்தும் நாளில் வெட்டித் தரவும், கருவி வைக்கத் தோப்புக்குள் வழி விடவும், பீடர் நெடுக உள்ள தோப்புக்காரர்களிடம் பேசிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அந்தப் பட்டியலை இந்த மனுவுடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மின் நுகர்வோர்,
பேராவூரணி வட்டம்.