சதுர வயல் அழகுக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், வில்ட்ஷயர் மேட்டுநிலத்தைப் பற்றி ‘5000 ஆண்டுகளுக்கு முன் கெல்டியர் அழகுணர்ச்சியோடு சதுரம் சதுரமாக வகுத்த வயல்கள்’ என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

‘கெல்டிக் வயல்’ என்பது, கெல்டியர் என்ற பழங்கால ஐரோப்பிய மக்களை நினைத்துப் பிற்காலத்தார் இட்ட பெயர் என்பது தாங்கள் அறியாததல்ல. 1920களில் விமானப் படங்களை வைத்து ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்டு என்ற தொல்லியலாளர் பரப்பிய பெயர் அது. பின்னாளில் வந்து குடியேறிய சாக்சன் மக்கள் காலத்து நீளப் பட்டை வயல்களிலிருந்து பிரித்துக் காட்ட உதவியது, அவ்வளவே. அங்கே அவ்வகை வயல்களில் பழையவை கி.மு. 1500ஐ ஒட்டிய வெண்கலக் காலத்தவை. உழுதவன் என்ன மொழி பேசினான் என்று எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. தங்கள் கட்டுரையாளரின் காதில் மட்டும் சொல்லியிருப்பான் போலும்.

அழகுணர்ச்சியாம்! நான் பதினான்கு வயதில் ஏர் பிடித்தவன். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டாது. சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் அப்படியே நிற்கும். அதைக் குறுக்கே ஓட்டி உடைக்காமல் மாட்டை அவிழ்த்தால் அப்பா தார்க்குச்சியை என் பக்கம் திருப்புவார். அந்தச் சதுர வயல்களை உழுதவர்களின் மரக் கலப்பையும் இதே வகைதான். குறுக்கும் நெடுக்கும் உழுகிறவனுக்குச் சதுரம்தான் தோது.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது வில்ட்ஷயரின் ஃபைஃபீல்டு டவுன் என்ற மேட்டுநிலத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். சரிவில் உழ உழ மண் இறங்கி, வயலின் கீழ் ஓரத்தில் குவிந்து பெருங்கரையாகிக் கிடக்கிறது. அதன் அடியில் நின்றேன். மேலே மேய்ந்த ஆட்டின் குளம்புகள் என் கண்மட்டத்தில் இருந்தன.

போன வருடமும் எழுதினேன். அயர்லாந்தின் மேயோ பகுதியில், எரிப்பதற்காகச் சதுப்பு மண்ணை வெட்டியபோது அடியில் கிடந்த கற்சுவர்களை 1930களில் கவனித்துச் சொன்னவர் பேட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர். பின்னாளில் அவர் மகன் சீமஸ், இரும்புக் கம்பியால் குத்திக் குத்தியே ‘கேஜ வயல்கள்’ (Céide Fields) எனப்படும் அந்த வயல்களின் சுவர்களைத் தொடர்ந்து போனார். என் கடிதத்தைப் பிரசுரித்தீர்கள். அந்த ஆசிரியரின் பெயரைத்தான் வெட்டிவிட்டீர்கள். பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் தாராளமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வரித் திருத்தம் போதும். அப்போது அனுப்பிய புகைப்படத்தையும் திருப்பி அனுப்பினால் நல்லது. தபால்தலை ஒட்டிய உறையை அன்றே இணைத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், மணப்பாறை