ஹாலே போன பாப்பாவுக்கு

பொறையார்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில், உங்கள் ஹாலே ஊரில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னாய் அல்லவா? அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்தில் உனக்காக மாட்டியிருக்கும் இரண்டாவது கடிகாரத்தையும் திருப்பி வைத்துவிட்டேன். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. உன் அம்மாவுக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு, "பாவம், தூங்கியிருப்பா" என்கிறாள். அங்கே சாயங்காலம் ஐந்து மணிதான். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீ சொல்வதைப் பார்த்தால் அவள் சொல்வதும் ஒரு வகையில் சரிதான்.

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னிடமிருந்து வருவது ஒரே வரி. "நல்லா இருக்கேன்ப்பா, லேப் மெஷின்ல முறை கிடைக்கல, அவ்வளவுதான்." முப்பத்தோரு வருடம் வங்கியில் உட்கார்ந்து எழுந்தவன் நான். எதிரில் உட்கார்ந்து "அடுத்த மாசம் கட்டிடுறேன் சார்" என்று சொல்பவர்களில் யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று குரலிலேயே தெரியும். உன் "நல்லா இருக்கேன்" கட்டாதவர்களின் குரலில் இருக்கிறது.

காகித வேலைகளில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், அந்தப் பதிவுச் சீட்டு இருந்தால்தான் மற்ற வேலைகள் நகரும் என்று நீ அனுப்பிய பட்டியலை நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பத்து நாள் இழுத்தடித்தும் கெடுவுக்குள் முடித்துவிட்டாய். டிவியே இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய தலைமுறை எங்களுடையது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்கிறாய். அப்படியென்றால் மற்ற மூன்று பேரிடமும் பங்கை மாதாமாதம் கேட்டு வாங்கு. கூச்சப்பட்டுக்கொண்டு நீயே கட்டாதே.

கூச்சம் என்றதும்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு ராத்திரி ரசத்துக்குத் தாளித்தாயே, மிளகாய் வற்றல் கருகி, கூரையில் இருந்த புகை அலாரம் ஊரையே கூட்டிவிட்டதே, அதை அம்மாவிடம் மட்டும் சொல்லி என்னிடம் மறைத்தாய். உன் அம்மாவிடம் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? மாடி முழுக்கச் செருப்பும் ஸ்வெட்டருமாக வெளியே வந்து நின்றதும், பக்கத்து அறைப் பெண் நாற்காலியில் ஏறி அலாரத்துக்குக் கீழே துண்டை வீசு வீசு என்று வீசி அதை நிறுத்தியதும், நீ கரண்டியோடு "சாரி, சாரி" என்று நின்றதும் எனக்கு அப்படியே கண்ணில் தெரிகிறது. அதற்குப் பிறகு நீ அடுப்பில் கடுகு போடவே இல்லை. பிரெட், தயிர், அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி. அந்தப் பொடி ஜனவரி வரை வராது என்று அவள் கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

துண்டு வீசிய பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாய். இரண்டு மாதமாகப் பக்கத்து அறை, பாப்பா.

ஆய்வகத்திலும் அப்படித்தான். பன்னிரண்டு மணி ஆனால் எல்லோரும் சாப்பாட்டு வேளை வணக்கமாக "மால்ட்சைட்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் போகிறார்கள். நீ மட்டும் டப்பாவைத் திறந்தால் வாசனை வருமே என்று உன் இடத்திலேயே உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுவிடுகிறாய். யாராவது உன் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லையாம். நீயே முடிவு செய்துகொண்டது.

இனி நான் சொல்லப்போவது உன் அம்மாவுக்கே தெரியாது. 1992-இல் ஆபீசராகப் பதவி உயர்வு வாங்கியதும் ஒரிசாவில் பெர்ஹாம்பூருக்கு மாற்றல் போட்டார்கள். கல்யாணமான புதிது. உன் அம்மாவை இங்கே அப்பாயியிடம் விட்டுவிட்டுப் போனேன். கிளையில் இங்கிலீஷை வைத்து ஒப்பேற்றிவிட்டேன். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டியதும் பேச ஆளில்லை. லாட்ஜ் அறை, வாழைப்பழம், ரொட்டி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். யாரையும் வழியனுப்ப இல்லை. மெட்ராஸ் மெயில் வந்து நிற்கும், பெட்டியில் மாட்டியிருக்கும் பலகையில் தமிழில் ஊர் பெயர் இருக்கும். அதைப் படிப்பேன். ரயில் போய்விடும். திரும்பி வருவேன். மூன்று மாதம் இந்தக் கூத்து.

அப்புறம் ஒருநாள் எங்கள் கிளையில் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் தப்தரி என்னை இழுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். ஒரியாவில் "கேத்தே" என்றால் எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்து, கத்தரிக்காய்க்காரி முன்னால் நிறுத்திவிட்டு நகர்ந்துகொண்டார். நான் கேத்தே என்றேன். அந்த அம்மாள் பதில் சொன்னது ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கேத்தே. நாலாவது கேத்தேயில் அவளுக்கும் பக்கத்துக் கடைக்காரிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் போனபோது சொத்தையைத் தள்ளிவிட்டு நல்ல காயாகப் பொறுக்கி வைத்திருந்தாள். அந்த வாரம் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

"ஆறு மாசத்துக்கு எதுக்குப்பா ஜெர்மன், லேப்ல எல்லாரும் இங்கிலீஷ்தான்" என்கிறாய். லேப் சரி. நீ அங்கே மெஷினுக்குள்ளேயா குடியிருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும், அன்றைக்குத்தான் ரொம்பக் கஷ்டம் என்று ஒருநாள் உன்னை அறியாமல் சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஜெர்மன் வேண்டும்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போவேன், நினைவிருக்கிறதா? ராஜ வீதியில் புதிய எருசலேம் தேவாலயம், பக்கத்தில் பொன் நிறச் சிலை, அதைத் தாண்டினால் டேனிஷ் கோட்டை, கடல். நாம் கோவிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு ஐயர் கதை சொல்லாமல் உன்னை அந்தத் தெருவைத் தாண்டவிட்டதில்லை. இப்போது அவர் படித்துவிட்டுப் புறப்பட்ட ஊரில் நீ உட்கார்ந்திருக்கிறாய், எனக்குக் கதையை மறுபடியும் சொல்ல ஒரு சாக்கு.

1706 ஜூலையில் வந்து இறங்கியபோது அவருக்குக் கிட்டத்தட்ட இருபத்து நாலு வயது, உன்னைவிடச் சின்னவர். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. டேனிஷ் அதிகாரிகளுக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. பின்னால் சிறையிலும் போட்டார்கள். மனிதர் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். கால்சட்டை போட்ட வெள்ளைக்காரர் மணலில் ழகரம் போடத் திணறுவதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருக்கும்? பத்து வருடத்தில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் உன் ஹாலேயில் அச்சானது. தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதலில் வந்த தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அதே ஊர்தான். முப்பத்தாறு வயதில் போய்விட்டார், பாவம். நீ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தேவாலயத்துக்குள்தான் அவர் கல்லறை.

உன்னை இலக்கணம் எழுதச் சொல்லவில்லை. பக்கத்து அறைப் பெண்ணின் பெயரைக் கேள் என்கிறேன். அலாரம் அடித்ததற்கு ஈடாக ஒரு கிண்ணம் ரசம் கொண்டுபோய்க் கொடு. ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, மிளகாயைக் கடைசியில் போட்டுத் தாளி, சீக்கிரம் இறக்கிவிடு. இது அம்மா சொல்லச் சொன்னது. திங்கட்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போய் "மால்ட்சைட்" சொல்லிவிட்டு உட்கார். உச்சரிப்புத் தப்பாக இருந்தால் யாராவது திருத்துவார்கள், அதுவும் ஒரு பேச்சுதானே.

அப்புறம் எனக்கு ஒரு வேலை செய். ஃப்ராங்கே நிறுவனம் என்று உன் ஊரிலேயே இருக்கிறது, அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இங்கிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் அதன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டு மாதமாகியும் நீ அங்கே எட்டிப்பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை இப்போது விட்டுவிடுகிறேன். போய், ஓர் ஓலையையாவது கண்ணால் பார்க்க முடியுமா என்று விசாரி. பார்த்தால் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார். பழைய ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், முதலில் தடுமாறும். இரண்டு வரி படித்து எனக்கு எழுது.

விசாரிக்கும்போது இங்கிலீஷில் விசாரிக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பருப்புப் பொடி பார்சல் வெள்ளிக்கிழமை போகிறது. ஒரு பொட்டலம் கூடுதலாக வைத்திருக்கிறாள் அம்மா. அது யாருக்கு என்று உனக்கே தெரியும், பெயர்தான் இன்னும் தெரியவில்லை.