இட்லிப்பூவைப் பிடுங்காதே

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. என் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறத்தான் இன்னும் சிரமம்.

இட்லிப்பூச் செடி மஞ்சளடித்துவிட்டது, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து பிடுங்காதே. போன வருஷம் என் செடிக்கும் இதே கதிதான். சத்து போதவில்லை என்று நினைத்துச் சாண எருவாகக் கொட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பார். நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. அடியிலுள்ள முற்றிய இலைகள் முழுசாக மஞ்சளானால்தான் தழைச்சத்துக் குறைவு.

மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் சுண்ணாம்பு கலந்த போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறி, வேரால் அந்த இரும்பை எடுக்க முடியாமல் போகிறது. என் செடி நின்றது சுவரோரம். தோண்டிப் பார்த்தால், வீடு கட்டியபோது போட்டுப் புதைத்த சிமென்ட் கட்டிகள் ஒரு கூடை! அதிலிருந்தும் சுண்ணாம்புதானே மண்ணில் இறங்கும்.

உரக்கடையில் அன்னபேதி கேள், இரும்புச் சத்துள்ள உப்புதான் அது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளி. மாதம் ஒரு தடவை, பச்சை திரும்பும்வரை. தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, கவனம். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து இதற்கென்றே வைத்துக்கொள். எனக்கு மூன்றாம் மாதம் செம்பழுப்பில் புதுத்துளிர் வந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அப்புறம், வேலி மாதிரி அடிக்கடி மட்டமாக வெட்டவிடாதே. மொட்டு கிளை நுனியில்தான் வரும். ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் வெட்டினால் போதும்.

இது நம் மண்ணின் செடி விஜி. அந்தக் காலத்தில் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவரப் போனவர்கள் சூடிய வெட்சி இதுதான். தொல்காப்பியத்தில் போரைப் பற்றிச் சொல்லும் புறத்திணை தொடங்குவதே அதன் பேரில்தானே! பள்ளிக்கூட வாசலில் பூவின் நடு நரம்பை மெல்ல இழுத்து, அதன் முனையில் வரும் ஒரு சொட்டுத் தேனுக்கு நாம் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

செம்பருத்தி மாவுப்பூச்சி பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் அந்த மஞ்சள் இலை ஒன்றைக் கவரில் வைத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மங்கை