தையலுக்குள் ஒளிக்காதீர்கள்: தி.நகர் ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். ஆனால் இப்போது வருமானத்தில் பாதி ஆல்டரேஷன்தான். உங்களிடம் ரெடிமேட் வாங்கியவர்கள் துரைசாமி சப்வேயைத் தாண்டி நேராக என்னிடம் வருவார்கள், பக்கம் பிடிக்க, உயரம் குறைக்க, கை வைக்க. உங்களால் எனக்கும் பிழைப்பு நடக்கிறது. அந்த உரிமையில்தான், துணிக்குள் ஒளிந்து வரும் மின்னணு அடையாளப் பட்டையைப் பற்றி இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம், வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஒரு அக்கா ஒரு குர்தியைக் கொண்டுவந்தார். பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் லூசாக்க வேண்டும். கொடுக்கும்போதே கண் கலங்கியிருந்தது. அந்தக் குர்தியைப் போட்டுக்கொண்டு ஒரு கடைக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார். வெளியே வரும்போது வாசலில் மணி அடித்திருக்கிறது. பையைக் கொட்டச் சொல்லி, ஓரமாக உட்காரவைத்து, அரை மணி நேரம். ஒன்றும் கிடைக்கவில்லை. 'சரி, போங்க' என்றார்களாம். குர்தி வாங்கியது வேறொரு கடையில். அதன் பில் வீட்டில் இருந்தது. எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு கடையைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

அன்று மாலை தையலைப் பிரித்தேன். உள்ளே, துவைக்கும் முறை அச்சிட்ட லேபிளுக்குப் பின்னால் இன்னொரு துணிப் பட்டை. விரல் நீளம்கூட இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து இரண்டு பக்கமும் சிக்குக் கோலம்போல வளைந்து வளைந்து ஓடும் வெள்ளிக் கோடு. மடித்தேன், மடிந்தது. கசக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரியும் போட்டேன்.

என் அண்ணன் மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். 'அத்தை, இது ஆர்எஃப்ஐடி டேக்' என்றான். காரில் ஒட்டுகிற ஃபாஸ்டேக்கும் இதே வகைதானாம். பேட்டரி கிடையாது. பரனூர் சுங்கச்சாவடியில் மேலே மாட்டியிருக்கும் கருவி ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு டேக் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். துணியில் இருப்பதும் அதையேதான் செய்கிறது. சில மீட்டர் தள்ளி நின்றே படிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வேலையிடத்தில் சொல்லிவிட்டு, கையில் பிடிக்கும் கருவி ஒன்றை எடுத்துவந்தான். நான் துவைத்து இஸ்திரி போட்ட பட்டை உடனே பதில் சொன்னது. அப்புறம் கடையை ஒரு சுற்று சுற்றினான். ஸ்டீல் பீரோவுக்குள் இருந்த துணிகளிடமிருந்து சத்தமே இல்லை. இரும்பு அலையை மறைத்துவிடும் என்றான். வெளியே துணிப்பையில் வைத்திருந்ததில் மூன்று பேசின. ஒரு ஜீன்ஸ், ஒரு டீ-ஷர்ட், நான்காவது தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் நைட்டி. பையைத் திறக்கவேயில்லை. திரையில் மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 24 எழுத்து நீளம். பார்கோடு என்றால் ஒரே மாதிரிச் சட்டை ஆயிரத்துக்கும் ஒரே எண்தான். இதில் ஒவ்வொரு சட்டைக்கும் தனித்தனி எண். அந்த எண்ணுக்குள் எந்தக் கம்பெனி, எந்த வகைச் சரக்கு என்பதும் பொதுவான முறைப்படி எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெண் மறுநாள் நைட்டியை வாங்க வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லைதான், இருந்தாலும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கேள்விப்பட்ட என் வாடிக்கையாளர்கள் சிலர், சாட்டிலைட்டில் நம்மைப் பார்க்கிறார்களா என்று பயந்துவிட்டார்கள். அப்படி இல்லை. இந்தப் பட்டைக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது, பக்கத்தில் கருவி இல்லையென்றால் அது வெறும் துணி. உடம்போடு ஒட்டியிருந்தால் நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும், பல சமயம் சரியாகப் படிக்க வராது. என் கவலை வேறு. பில் போடும்போது மொபைல் நம்பர் கேட்கிறீர்கள். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று அடம்பிடிக்கக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் கேட்கிறார்கள், நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த நம்பரும் சட்டைக்குள் இருக்கும் எண்ணும் ஒரே பில்லில் சேர்ந்துவிட்டால், அடுத்த முறை உங்கள் வாசலில் நுழையும்போதே யார் வருகிறார் என்று கருவிக்குச் சொல்லிவிட முடியும். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதே போதாதா? அதுவும் வாங்கியவருக்குத் தெரியாமல்? அவர் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. செல்போனைத் தொட்டுப் பணம் கட்ட உதவும் என்எஃப்சி வேறு அலைவரிசை, இந்தப் பட்டையை அது படிக்காது.

டேக்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கடைகளில் நிற்கும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும், சிலர் என் தெருவிலேயே ஹாஸ்டலில் இருக்கிறார்கள். ஸ்டாக் எடுக்கும் நாளில் இரவு எத்தனை மணிக்கு வருவார்கள் என்று பார்த்திருக்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியதே 2021-இல்தான். ஒவ்வொரு துணியாகப் பிரித்து எண்ணுவதற்குப் பதில் கருவியை ஒரு வீச்சு வீசினால் ஒரு ரேக் முழுவதும் எண்ணப்பட்டுவிடும் என்றால், அந்தப் பிள்ளைகளுக்காகவே இதை வரவேற்பேன். திருப்பூரில் ஏற்றுமதித் துணிக்கு இதை வைப்பதும், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு தொலையாமல் இருக்கத் தைப்பதும் எல்லாம் சரிதான். விரிப்பை யாரும் உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

துணிக்கு அடையாளம் போடுவது நமக்குப் புதிதும் இல்லை. என் சின்ன வயதில் வெளுக்கப் போட்ட சட்டை திரும்பி வந்தால் காலருக்கு உள்ளே சேராங்கொட்டைச் சாற்றில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருக்கும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. அந்தக் குறி என்னவென்று துவைப்பவருக்கு மட்டும்தான் புரியும், ஆனால் குறி இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உன் வீட்டுத் துணி உன் வீட்டுக்கே வரட்டும் என்று போட்ட குறி அது.

உங்களுக்கு முன்னால் மற்ற ஊர்க்காரர்களும் இந்தப் பிரச்சினையைச் சந்தித்திருக்கிறார்கள். 2003-இல் இத்தாலியின் பெனட்டன் கம்பெனித் துணிகளில் பிலிப்ஸ் சிப் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், அந்தத் துணியையே வாங்காதீர்கள் என்று நுகர்வோர் கிளம்பினார்கள். இதுவரை தைக்கவில்லை என்று கம்பெனி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2009-இல் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரையே வெளியிட்டது. கடையில் விற்கும்போது டேக்கைச் செயலிழக்கச் செய்யுங்கள், வாங்குபவர் வேண்டும் என்று சொன்னால் மட்டும் விட்டுவையுங்கள் என்று. நம் நாட்டிலும் 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டார்கள்.

செய்வது கஷ்டமும் இல்லை. இந்த வகை டேக்குகளுக்கான பொது முறையிலேயே, கடவுச்சொல் கொடுத்து டேக்கை நிரந்தரமாக வாயடைக்கச் செய்யும் கட்டளை இருக்கிறது. ஒருமுறை கொடுத்துவிட்டால் அது மறுபடி எந்தக் கருவிக்கும் பதில் சொல்லாது. பில் போடும் இடத்தில் அதைச் செய்யுங்கள். மாற்றிக்கொள்ள வந்தால் பில்லும் பார்கோடும் இருக்கிறதே, அதற்கு டேக் எதற்கு?

அதைவிட நல்லது, டேக்கை விலை அட்டையிலேயே வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் கத்தரித்துப் போட்டுவிடுவார்கள். திருட்டுக்குப் பயந்து துணியிலேயே தைத்தால்தான் ஆகும் என்றால், லேபிள் மேல் 'இதில் மின்னணு அடையாளப் பட்டை உள்ளது, வாங்கியபின் வெட்டிவிடலாம்' என்று தமிழில் ஒரு வரியும், வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிக்கோடும் போடுங்கள். பக்கத் தையலுக்குள் புதைக்காதீர்கள். உள்ளாடையிலும் குழந்தைத் துணியிலும் தைக்கவே தைக்காதீர்கள். அப்புறம், வாசலில் மணி அடித்தால் பையைக் கொட்டச் சொல்வதற்கு முன், அவர் போட்டிருக்கும் துணியில் வேறு கடையின் டேக் இருக்கலாம் என்று உங்கள் செக்யூரிட்டிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதற்குக் காசு ஆகாது.

அந்த அக்காவின் குர்தியைத் தைத்துக் கொடுத்துவிட்டேன், காசு வாங்கவில்லை. அவர் இன்னும் அதைப் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் போவதில்லை. அதன் பட்டையும், அதற்கப்புறம் வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டு பிரித்தெடுத்த மற்றவையும் என் மேஜையில் ஒரு பொத்தான் டப்பாவில் இருக்கின்றன. தீபாவளிச் சரக்கு இறக்குவதற்கு முன் உங்களில் யாராவது ஒருவர் வந்து பாருங்கள். காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்துத் தையல்காரி