கேட் சாவி யாரிடம் இருக்கிறது?

வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் கால்பந்து டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். பத்து வருடம் டிஃபன்ஸில் ஆடியவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவிப் பையோடு லைனுக்கு வெளியே நிற்கிறேன்.

போன கோடையில் ஒரு மைதானம். கார்னர் பந்துக்கு எகிறிய இரண்டு பையன்கள் தலையோடு தலை மோதினார்கள். ஒருவன் எழுந்துவிட்டான். மற்றவன் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை. நான் ஓடிப்போவதற்குள் இருபது பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார், இன்னொருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் நினைவில்லாதவனுக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். கழுத்தில் அடிபட்டிருந்தால் தூக்கும் அந்த ஒரு அசைவிலேயே கை கால் விளங்காமல் போகலாம்.

108-க்கு அடித்தோம். வண்டி சீக்கிரமே வந்தது. வந்து நின்ற கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் உள்ளே மகன் கிடக்க, கேட் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்ற அவன் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மேட்ச் நடுவே யாரும் தொடாமலே சரிந்து விழுந்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். இதயமே நின்றுவிட்டது. மருத்துவக் குழு அங்கேயே நெஞ்சை அழுத்தியது, டிஃபிப்ரிலேட்டர் என்ற மெஷினால் நெஞ்சில் மின்சார ஷாக் கொடுத்தது. அடுத்த வருடமே அவர் மறுபடி ஆடினார். நெஞ்சை அழுத்த ஆள் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த மெஷினை நம்மால் உடனே வாங்க முடியாது, சரி. ஆனால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதற்குக் காசு எதற்கு? ஒரு டீமுக்கு இரண்டு பேர் கற்றுக்கொண்டால் போதும்.

அப்புறம், தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவன் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. ஃபைனலாக இருந்தாலும் சரி. "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றுதான் சொல்வான், அவனை நம்பாதீர்கள். வெளியே உட்காரச் சொல்லும் அதிகாரம் முதலுதவிக்கு நிற்பவருக்கு இருக்க வேண்டும்; கோச் அதில் தலையிடக் கூடாது. ஆள் குறையுமே என்ற பயம்தான் கோச்சைப் பேச வைக்கிறது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு சப்ஸ்டிடியூட் இறக்க சர்வதேச விதிகளே 2024 முதல் இடம் கொடுக்கின்றன. உங்கள் நோட்டீஸிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

சுளுக்கு, சிராய்ப்பை எல்லாம் சமாளித்துவிடலாம். ஸ்ப்ரே வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வையுங்கள். எனக்கு உண்மையிலேயே பயம் அக்னி நட்சத்திரத்தில் பகல் இரண்டு மணிக்கு வைக்கும் மேட்ச்தான். வெயிலில் ஆடிய பையன் உளற ஆரம்பித்தால் 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்த மேட்சை காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டால் இந்தப் பாடே இல்லை.

கோப்பைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் வசூல் செய்யும்போதே முதலுதவிப் பெட்டிக்கும் எடுத்து வையுங்கள். பயிற்சி எடுத்த ஒருவர் லைனில் வந்து நிற்கும்வரை டாஸ் போடாதீர்கள். எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வரும், சாவி யாரிடம் என்று மைக்கில் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

அடுத்த டோர்னமென்டுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நானே வந்து சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம். போகும்போது அந்த கேட்டையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
லைனோரம் நிற்கும் உங்கள் பழைய டிஃபண்டர்